சாய்ந்த சுவரை நிமிர்த்திய கதை

தரங்கம்பாடிக்குப் போய் வந்த எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒரு படம் இருக்கும். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாயில், உச்சியில் டென்மார்க் அரசரின் முத்திரை. நேரில் கம்பீரமாக நிற்கிற அந்த வாயில் படத்தில் மட்டும் மேலே போகப் போக ஒடுங்கி, பின்பக்கமாகச் சரிவது போல இருக்கும். கட்டிய கொத்தனார் மேல் குற்றமில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவரின் மேல்பகுதி தூரமாகிவிடுகிறது, தூரமானது சிறியதாக விழுகிறது, அவ்வளவுதான். நம் கண்ணுக்கும் அப்படித்தான் விழுகிறது. ஆனால் மூளை சத்தமில்லாமல் அதைச் சரிசெய்துவிடும். காகிதத்துக்கு மூளை கிடையாதே!

வாயில் என்றால் பரவாயில்லை, நாலு அடி பின்னால் போய் நின்றுகொள்ளலாம். பின்னால் போகவே இடமில்லாத ஒரு சுவர் இதே காவிரி டெல்டாவில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி, விமானத்தின் உள்ளேயே ஓர் இருட்டு நடை உண்டு. அகலம் சுமார் 2 மீட்டர். அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை 1931-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி. வெள்ளை யானையில் கயிலாயம் போகும் சுந்தரர், குதிரையில் கூடப் போகும் சேரமான் பெருமாள், முப்புரம் எரிக்கும் சிவன் எல்லாம் அங்கேதான். பெரிய பெரிய காட்சிகள், தலைக்கு மேல் வெகு உயரம் வரை. முதுகை எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு காட்சிகூட முழுதாகக் கேமராவில் அடங்காது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை.

ஆக, இந்தச் சுவரைப் பொறுத்தவரை நமக்குக் கிடைப்பது படம் மட்டும்தான். படத்தில் சுந்தரர் கொஞ்சம் குண்டாகவோ ஒல்லியாகவோ ஆகிவிட்டால், நேரில் போய் ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பு என்று சொல்ல ஆளில்லை. பெர்ஸ்பெக்டிவ் திருத்தம் என்பது வெறும் அழகு வேலை இல்லை என்பது இங்கேதான் புரியும்.

இதே கோயிலில் இதே தலைவலியை முதலில் அனுபவித்தவர் லின்னேயஸ் டிரைப். மதராஸ் படையில் அதிகாரி, 1856 முதல் மதராஸ் அரசின் புகைப்படக்காரர். மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களோடு 1858-ல் தஞ்சாவூர் வந்தார். தஞ்சையையும் திருவையாறையும் எடுத்த படங்கள் தனி ஆல்பமாகவே வெளிவந்தன. அவர் செய்ததில் பெரிய வேலை, விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைப் படம் எடுத்தது. ஒரே இடத்தில் நின்று எடுத்தால் பக்கத்து எழுத்து பெரிதாகவும் தூரத்து எழுத்து எறும்பாகவும் விழும். அதனால் சுவரோடு கேமராவை நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்தார். பிறகு 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். இன்று கம்ப்யூட்டரில் 'ஸ்டிச்சிங்' என்று சொல்கிறோமே, அதைப் பசையை வைத்துச் செய்திருக்கிறார் மனிதர்!

(சர்க்கார் அவரைக் கொண்டாடியதா? 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் வரவு செலவைப் பார்த்தார், புகைப்படம் எடுப்பது நம் கஜானாவுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு கட்டினார், 1860-ல் அந்தத் துறையையே மூடிவிட்டார். காமர்ஸ் படிக்கிறவர்களே கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சிக்கனம்.)

கல்வெட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, மைப்படி. ஈரக் காகிதத்தைக் கல் மேல் ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுத்துவிடலாம். காகிதமே கல்லைத் தொடுவதால் கோணப் பிரச்சினையே கிடையாது. ஆனால் ஆயிரம் வருடச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்ட முடியுமா? ஓவியத்துக்குக் கேமராதான் கதி.

டிரைப் தஞ்சாவூரில் இருந்த அதே 1858-ல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மெய்டன்பவர் என்ற இளைஞர் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தார். உயரத்தில் கால் தவறி, மயிரிழையில் தப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சுவரில் ஏறுவானேன், புகைப்படத்திலிருந்தே அளவு எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பிற்பாடு 1885-ல் பெர்லினில் இதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்றை நிறுவினார். கோணலான படத்துக்கும் நேரான சுவருக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் ஒன்றிலிருந்து மற்றதைப் பெறலாம் என்பதுதான் அவருடைய யோசனையின் சாரம். போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் நாலு மூலையை இழுத்துப் படத்தை நிமிர்த்துகிறோமே, அதற்குள்ளும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. சுவர் தட்டையாக இருந்தால் நாலு புள்ளி போதும்.

போதும் என்று சொன்னாலும் இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு.

ஒன்று, அந்த நாலு மூலையும் சேர்ந்து செவ்வகமாக வேண்டும் என்று நாம் சொல்லலாம். எந்தச் செவ்வகம்? 3-க்கு 2-ஆ, 4-க்கு 3-ஆ? மூலையை இழுத்துவிடும்போது அதை நம் கைதான் தீர்மானிக்கிறது. யானை குட்டையாவது இங்கேதான். சுவரின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு வந்தால் தீர்ந்தது. தொல்லியல் ஆட்கள் எடுக்கும் படங்களில் ஓரமாகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் ஒன்று நிற்பதும் சும்மா இல்லை.

இரண்டு, விவரம் தொலைவது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். சுவரிலிருந்து 2 மீட்டரில் நின்று, கண்மட்டத்துக்கு மேலே சுமார் மூன்றரை மீட்டரில் இருக்கும் ஒரு முகத்தைக் கேமராவை அண்ணாந்து எடுக்கிறார்கள் என்று வையுங்கள். நேர் எதிரே கண்மட்டத்தில் இருக்கும் முகத்தோடு ஒப்பிட்டால் அகலம் பாதியாகவும் உயரம் கால்வாசியாகவும் விழும். பரப்பில் எட்டில் ஒரு பங்கு! இதை நிமிர்த்தும்போது சாஃப்ட்வேர் ஒரு புள்ளியை எட்டாக இழுக்கிறது. மீதி ஏழும் கடன் வாங்கிய புள்ளிகள். பார்க்க நேராக இருக்கும், கிட்டப் போனால் கண் இமை இருக்காது.

லென்ஸை மட்டும் மேலே தூக்கி, பிலிமைச் சுவருக்கு இணையாகவே நிறுத்துவது பழைய பெரிய கேமராக்காரர்களின் வித்தை. 1960-களின் தொடக்கத்தில் நிக்கான் சின்ன கேமராவுக்கும் அப்படி நகரும் லென்ஸ் கொண்டுவந்தது. அதில் சுவர் முழுக்க ஒரே அளவில் விழும், பிறகு இழுக்கத் தேவையில்லை. விலைதான் மாணவர்கள் பக்கத்தில் வராது.

தஞ்சை நடைக்கு வருவோம். கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-ல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையும் இந்த ஓவியங்களைப் புத்தகமாக்கின. துண்டு துண்டாக எடுத்த படங்களைச் சேர்த்துத்தான் முழுக் காட்சி கிடைக்கும், டிரைப்புக்கு ஆனது போலவே. யோசித்தால் ஒரு வேடிக்கை. அந்த 2 மீட்டர் நடையில் ராஜராஜனே நடந்திருந்தாலும் அண்ணாந்து, பக்கவாட்டில், விளக்கு வெளிச்சம் விழுந்த மட்டும்தான் பார்த்திருக்க முடியும். சாரத்தில் உட்கார்ந்து வரைந்தவருக்கும் கைக்கெட்டிய பகுதிதான் தெரிந்திருக்கும். நேராக நிமிர்ந்த முழுச் சுவர் அவர்கள் யாரும் பார்த்திராத காட்சி. அதனால் திருத்திய படம் பொய் என்று ஆகிவிடாது. கோணலான மூலப் படங்களையும் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நடையின் நெருக்கம் அவற்றில்தான் பதிவாகி இருக்கிறது.

தெருச் சுவர்களுக்கும் இதே கதைதான். சென்னை கண்ணகி நகரில் 2020 முதல் மாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர் முழுக்கப் பெரிய முகங்களை வரைந்திருக்கிறார்கள். கீழே நின்று எடுத்தால் தாடை பெரிதாகவும் நெற்றி ஒடுங்கியும் வரும். வெயிலும் மழையும் பட்டு வண்ணம் போன பிறகு படம்தான் மிஞ்சும் என்பதால் கொஞ்சம் மெனக்கெடலாம். எதிரே இன்னொரு பிளாக் இருந்தால் அதன் இரண்டாவது மாடிக்கு ஏறி, அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுத்தால் பாதிக் கோணல் அங்கேயே சரியாகிவிடும். மீதியை நிமிர்த்த, சுவரிலிருக்கும் ஜன்னல் ஒன்றின் நீள அகலம் தெரிந்தால் போதும்.