புண் காத்த மகளிர்



போர் என்றவுடன் நம் உள்ளத்தே வாளும் வேலும் யானையும் தேருமே தோன்றுகின்றன. புறம் பாடிய புலவர்களும் களத்தில் வென்றாரையும் வீழ்ந்தாரையுமே மிகுதியும் பாடினர். எனினும், களத்தினின்று குற்றுயிராய் மீண்டவனைப் பேணியவர் யார் என்னும் வினாவிற்கும் அப்பழம்பாடல்களிலேயே விடையுண்டு. அரிசில் கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாட்டில், புண்பட்ட தலைவனைக் காக்க வருமாறு தன் தோழியை அழைக்கின்றாள் ஒருத்தி. மனையில் வேம்பும் இரவந்தழையும் செருகி, யாழிசைத்து, வெண்சிறுகடுகு தூவி, மணியொலித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பி அப்புண்ணைக் காக்க முற்படுகின்றனர் அம்மகளிர். புண்ணுற்றானைப் பேய் தொடாதவாறு மனைவி காக்கும் இச்செயலைத் தொல்காப்பியர் ‘தொடாக் காஞ்சி’ எனப் பெயரிட்டு ஒரு துறையாகவே வகுத்தார்.

அந்நாளில் வீடே மருத்துவமனை, மனைவியே செவிலி. பின்னாளில் பீரங்கியும் கப்பலும் வந்தன. வீரன் வீட்டினின்று ஆயிரங்கல் தொலைவில் வீழ்ந்தான். அவன் புண்ணைக் காப்பார் யார்? 1854-இல் கிரிமியப் போரின்போது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தது அவ்வினாவிற்கு விடையாகவே. பகைவர் குண்டினும் நோயே மிகுதியான வீரரைக் கொன்றது என்பதை அவ்வம்மையார் கணக்கெழுதி உலகிற்குக் காட்டினார். ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் குமாஸ்தாவாகிய எமக்கு, ஏட்டில் எழுதிய எண்ணும் உயிர்காக்கும் என்னும் இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

இனி, நாம் குடியேறி வாழும் இந்நகருக்கு வருவோம். 1809-இல் பெங்களூரில் தண்டு அமைந்தது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்த வணிகரும் தொழிலாளரும் வந்து தங்க, தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. 1888-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், பயிற்சி பெற்ற செவிலியர் பதின்மர் இங்கிலாந்தினின்று பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினர். இந்தியாவில் இராணுவச் செவிலியர் பணி அவர்களால்தான் ஒழுங்குபெறத் தொடங்கியது. அவர்களுள் ஒரு பகுதியினர் ராவல்பிண்டிக்கும், மற்றொரு பகுதியினர் நம் பெங்களூருக்கும் அனுப்பப்பெற்றனர். ஆயினும் அன்று அப்பணி வெள்ளைச் சிப்பாய்களுக்கே உரியதாயிருந்தது. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரே அச்சுவரைத் தளர்த்தியது. 1926-இல் இந்திய இராணுவச் செவிலியர் பணி நிலையான அமைப்பாயிற்று. 1943-இல் செவிலியர் படை அதிகாரிகளுக்குரிய தகுதி பெற்றனர். 1976-இல் ஜி. ஆலிஸ் ராம் அம்மையார் மேஜர் ஜெனரல் பதவியை எய்தினார். நம் தரைப்படையில் அப்பதவியை முதன்முதல் எய்திய பெண்மணி ஒரு செவிலியே என்பது எண்ணி மகிழத்தக்கது.

இரண்டாம் உலகப் போரில் பெங்களூர் ஒரு பெரும் மருத்துவத் தளமாயிற்று. பிற்காலத்தில் விமானப்படைத் தளமாகிய ஜாலஹள்ளியில் இராணுவ மருத்துவக் கூடங்கள் எழுந்தன. பர்மாப் போர்முனையில் காயமுற்றோர் பலர் புகைவண்டிகளில் தென்னாட்டிற்குக் கொண்டுவரப்பெற்றனர். அக்காலத்தே எம் பாட்டியார் இந்நகரத்து இராணுவ மருத்துவமனை ஒன்றில் ஆயாவாக வேலை பார்த்தவர். குருதி தோய்ந்த துணியை அலசினார், எழமாட்டாதாரைத் தூக்கி அமர்த்தினார், கஞ்சி புகட்டினார். எனினும் எம் உறவினர் அதனைச் சொல்லத்தகாத வேலையாகக் கருதிப் பேசாதொழிந்தனர். யாமும் அவர் உயிரோடிருந்தகாலை ஒருநாளேனும் கேட்டிலேம். இன்று கேட்க விழைகின்றோம். விடை சொல்ல அவர் இல்லை.

அதே ஆண்டுகளில், அதே பர்மாப் போர்முனையின் மறுபுறத்தேயும் தமிழ்ப் பெண்கள் புண் கழுவிக்கொண்டிருந்தனர். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சிராணிப் படையைத் தலைமை தாங்கியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் ஆவார். அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பயிற்சி முகாம் தொடங்கிற்று. படையிற் சேர்ந்தவருள் பெரும்பாலோர் மலாய் நாட்டுத் தமிழர். ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பலர். பிறந்தது முதல் இந்திய மண்ணைக் கண்டிராத இளம்பெண்கள் அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினர்.

1944-இல் அவர்கள் ரங்கூனுக்கும், அங்கிருந்து ஒரு பிரிவினர் மேமியோ என்னும் மலைநகருக்கும் சென்றனர். முன்னணியிற் சென்று பொருவதே அவர்கள் வேட்கை. ஆனால் இம்பால் படையெடுப்பு தோல்வியுற்றது. மழையிலும் சேற்றிலும் பின்வாங்கிய வீரர்கள், குண்டுக் காயத்தோடும் மலேரியாவோடும் சீதபேதியோடும், உணவின்றி எலும்புந் தோலுமாய் வந்து வீழ்ந்தனர். துப்பாக்கி பிடித்த கைகள் கட்டுத்துணி பிடித்தன. மருந்து அரிது; உணவு அரிது; வானினின்று குண்டு விழும் அச்சம் ஓயாதது. போரிட வந்த எமக்குச் செவிலிப் பணியா என மனம் வருந்தினோரும் அப்பணியைக் குறைவறச் செய்தனர். அவர்களுள் ஒருவரான ஜானகி தேவர் அம்மையார்க்கு இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1945-இல் ரங்கூனை விட்டுத் திரும்புகையில் புகைவண்டி தாக்குண்டு, ஜோசபின், ஸ்டெல்லா என்னும் இருவர் உயிர் நீத்தனர். லட்சுமி அம்மையாரோ, 1971-இல் வங்கதேச அகதிகளிடையே பணியாற்றி, கான்பூரில் முதுமையிலும் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 2012-இல் மறைந்தார்.

எப்படையில் இருந்தார் என்பது அரசியல் வினா. புண்ணுக்குக் கொடி ஏது? பெங்களூரில் எம் பாட்டியாரும், மேமியோவில் அவ்விளம்பெண்களும் கழுவியது ஒரே குருதிதான். களத்தில் நின்றவனுக்கு நடுகல் உண்டு. அவனைத் தாங்கியவளுக்குப் பெயர்தானும் எஞ்சவில்லை. தோட்டத் தொழிலாளி மகள் என்றும், ஆயா என்றும் எளிமையாக எண்ணி நாமே மறந்தது அன்றோ இதற்குக் காரணம்?

ஆகவே அன்பர்களே, ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்து முதியோரிடம் இன்றே கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்மணியேனும் போர்க்காலத்தில் புண்பட்டாரைப் பேணியதுண்டோ? உண்டெனின் அவர் பெயர், பணிபுரிந்த ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அப்பெயர்கள் அச்சேறட்டும். முதற்பெயராக எம் பாட்டியார் பெயரை யாம் எழுதித் தருகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!