கூடலூரின் உயர்ந்தது குமுளி: பாரசீக ஒப்பீடும் நம் ஐந்தாம் வேற்றுமையும்

லோயர் கேம்ப் என்ற பெயரிலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. மேலே ஏதாவது இருந்தால்தானே ஒன்றை 'லோயர்' என்னலாம்? வேடிக்கை என்னவென்றால், கூடலூருக்கும் குமுளிக்கும் இடையிலுள்ள இந்தக் 'கீழ்' ஊர் இருப்பது உத்தமபாளையம் வட்டத்தில். 'உத்தம' என்பதில் 'உத்' மேல். 'தம' எல்லாவற்றிலும் மிகுந்தது என்று காட்டும் வடமொழி விகுதி. இரண்டில் ஒன்று மிகுந்தால் அங்கே 'தர' வரும்.

அந்தத் 'தர'வின் உடன்பிறப்புதான் பாரசீகத்தின் 'தர்'. 'பொஸொர்க்' என்றால் பெரிய. 'பொஸொர்க்தர்' அதனினும் பெரிய. 'பொஸொர்க்தரீன்' எல்லாவற்றிலும் பெரிய. எதனினும் என்பதைச் சொல்ல 'அஸ்' முன்னால் வரும். அதற்கு அடிப்படைப் பொருள் 'இருந்து'. "குமுளி அஸ் கூடலூர் பொலந்த்தர் அஸ்த்" என்றால் குமுளி கூடலூரினும் உயரம்.

இந்த 'இருந்து' நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமை 'இன்' உருபுக்கு ஒப்பிடும் பொருளைச் சொல்லி, நிறம், வடிவு, அளவு, சுவை என்று பட்டியலே தருகிறார். நன்னூலார் நீக்கம், ஒப்பு, எல்லை, ஏது என நான்காகத் தொகுக்கிறார். மலையின் (மலையிலிருந்து) அருவி வீழ்வதற்கும், கூடலூரினும் குமுளி உயர்வதற்கும் ஒரே உருபு. அளக்கத் தொடங்கும் இடத்தை விட்டு நீங்குவதுதான் ஒப்பீடு என்று இரு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன. இதில் கடன் எதுவும் இல்லை.

வேறுபாடு பெயரடையில். பாரசீகம் 'அஸ்' போட்ட பிறகும் 'தர்' ஒட்டுகிறது. தமிழில் பெயரடை அசைவதே இல்லை. "கூடலூர விட குமுளி ஒசரம்" என்கிறோம். 'ஒசரம்' அப்படியே நிற்கிறது. குமுளிக்கு மலையேறிப் போனால் மலையாளத்தார் 'கூடலூரினேக்காள்' என்பார்கள். அங்கும் பெயர்ச்சொல்தான் ஒப்பீட்டைச் சுமக்கிறது.

பாரசீகத்தின் உச்சநிலைக்கு இன்னொரு குணமுண்டு. 'ஷஹ்ர்-எ பொஸொர்க்' (பெரிய நகரம்) என்று பெயருக்குப் பின்னால் நடக்கும் அடை, 'தரீன்' ஏற்றதும் 'பொஸொர்க்தரீன் ஷஹ்ர்' என்று முன்னால் வந்துவிடும். இடையிலிருந்த 'எ'யும் போய்விடும். எனக்குப் பிடித்த விதி இதுவே.

'பெஹ்தர்' (மேலான) என்பதைக் கேட்டு ஆங்கில 'பெட்டர்' நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது தற்செயல். பாரசீகத்தில் 'பெஹ்' அடி, 'தர்' விகுதி. ஆங்கிலத்திலோ அந்த 'ட்' அடிச்சொல்லுக்கே உரியது.

தாசில்தார், ஜமீன்தார் எனப் பாரசீகத் 'தார்' நம் வருவாய்த்துறைக்குள் வந்தது. அது வேறு விகுதி. உடையவர் என்று பொருள். ஒப்பீட்டுத் 'தர்' தமிழுக்கு வரவில்லை. உருதுவில் 'பெஹ்தர்', 'பத்தர்' (இன்னும் மோசமான) போன்ற சில ஆயத்தச் சொற்களாக வந்தது. மற்றபடி உருதுவும் பெயருக்குப் பின் 'சே' என்று போட்டு, பெயரடையில் விகுதி ஒட்டாமல் விடுகிறது, தமிழைப் போலவே.