முன்பனிக் காலத்துப் பெத்லகேம்

கல்வராயன் மலையில் பெய்யும் மழைநீரைக் கோமுகியும் மணிமுத்தாறும் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறக்கிக் கொணர்கின்றன. மணிமுத்தாறு மேலும் கிழக்கே ஓடி, விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலைத் தொட்டு, பின்னர் வெள்ளாற்றில் கலக்கின்றது. அவ்விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே, மங்கலம்பேட்டையை அடுத்து, கோணான்குப்பம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அது கடலூர் மாவட்டத்தில் அமைந்திருப்பினும், 1993ஆம் ஆண்டுவரை கள்ளக்குறிச்சியும் அதுவும் ஒரே தென்னார்க்காட்டைச் சேர்ந்தவையே. இவ்வூரில்தான் இத்தாலியத் துறவி ஒருவர் மரியன்னைக்குக் கோயில் எழுப்பிப் பெரியநாயகி எனப் பெயர் சூட்டினார். விருத்தாசலத்துக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் பெயரும் பெரியநாயகியே என்பதை அவர் அறியாதிருந்திருக்க முடியாது.

கான்ஸ்தாந்தீன் ஜோசப் பெஸ்கி 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். முப்பது வயதளவில் இயேசு சபைத் துறவியாக இந்தியா வந்து, மதுரை மறைத்தளத்தில் பணிபுரிந்து, தாயகம் திரும்பாமலே 1747இல் மறைந்தார். தைரியநாதர் என்று முதலில் வழங்கப்பெற்ற அவரைத் தமிழுலகம் வீரமாமுனிவர் எனப் போற்றுகின்றது. அவர் சிறுவயதில் கண்ட கிறிஸ்து பிறப்பு விழா, ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே கடுங்குளிரில், இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே, பகற்பொழுது மிகவும் குறுகிய நாள்களில் வருவது. தமிழ்நாட்டிலோ அதே திசம்பர் 25, மார்கழியில் விழுகின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி குளங்கள் நிரம்பியிருக்கும். சம்பா கதிர் வாங்கியிருக்கும். ஐரோப்பாவில் மண் வெறுமையுற்றிருக்கும் நாளில் இங்கு அது முழுப் பசுமையுடன் விளங்குகின்றது.

பனியும் குளிரும் இன்றி அப்பெருவிழா நிறைவு பெறுமா என்னும் ஏக்கம் வெப்பநாடுகளில் குடியேறிய ஐரோப்பியர் பலருக்கும் இருந்ததுண்டு. ஆனால் நற்செய்தி நூல்களில் பிறப்பின் மாதமோ பனிப்பொழிவோ கூறப்படவில்லை. இடையர் இரவில் வயல்வெளியில் கிடை காத்தனர் என்றே லூக்கா கூறுகின்றார். வெண்பனி பின்னர் வடநாடுகள் தாமாகச் சேர்த்துக்கொண்ட அணி. 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ என்னும் இத்தாலிய ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்தார். ஏழ்மையை மக்களுக்கு நினைவூட்டவே அவர் அதைச் செய்தார். தென்னார்க்காட்டு உழவனுக்கு வைக்கோலும் தொழுவமும் நினைவூட்டப்பட வேண்டியவையா என்ன!

முனிவர் 1726இல் முற்றுவித்த தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் யோசேப்பு. 'பெருகச் செய்பவர்' என்னும் பொருள்தரும் அவ்வெபிரேயப் பெயரை முனிவர் வளன் என்று தமிழாக்கினார். காப்பிய மரபின்படி நூல் நாட்டுப் படலத்தில் தொடங்குகின்றது. மேகம் கடல்நீரை உண்டு மலையில் பொழிய, வெள்ளம் வயலுக்கு இறங்கும் தமிழ்நாட்டு வளம் யாவும் யூதேயாவுக்கு உரியதாகின்றது. அவ்வளத்தின் நடுவிலேதான், மகவருள் படலத்தில், குழந்தை பிறக்கின்றது.

இது சிந்தாமணியையும் கம்பனையும் பார்த்துச் செய்த வெறும் மரபு என்று ஒதுக்குவோர் உண்டு. மரபு என்பது உண்மை. 'வெறும்' என்பதுதான் பொருந்தாது. இம்மண்ணில் பிறந்த புலவன் நாட்டுப் படலம் பாடினால் அது வழக்கம். அயல்நாட்டில் பிறந்தவர் தம் இறைவனின் பிறப்பிடத்தையே இவ்வயல்களில் அமைத்துப் பாடும்போது, அவர் குடியேற்றம் அங்கே முற்றுப்பெறுகின்றது. மதம் பரப்புவதே அவர் நோக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து நூல் எழுதிய கடுமையும் அவரிடம் இருந்தது. எனினும் நோக்கம் மட்டுமே 3615 பாடல்களைப் பாட வைத்துவிடாது.

சொல்லொன்று இங்குக் கருதத்தக்கது. இமயத்து வெண்பனிக்கும் புல்நுனித் துளிக்கும் தமிழில் பனி என்பதே பெயர். மார்கழியும் தையும் தமிழிலக்கணத்தார்க்கு முன்பனிக் காலம். 1732இல் சதுரகராதி தொகுத்த முனிவருக்கு இச்சொல்லின் இருமுகமும் தெரிந்தேயிருக்கும். ஊரில் விட்டுவந்த பனி, கோணான்குப்பத்து விடியலில் வேறு வடிவில் காத்திருந்தது.

தேம்பாவணி அச்சேற 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள், 1800இல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அவர் இம்மண்ணிலேயே பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். முனிவர் மருதத்து நெல்வயலைக் கொண்டுசேர்த்த பெத்லகேமுக்கு, சாஸ்திரியார் மலையிலிருந்து குறி சொல்லும் குறத்தியையும் அழைத்து வந்தார்.