வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டு



கிள்ளானிலும் சுபாங் ஜெயாவிலும் மாடி வீடுகளின் கூரைகளை நோக்கினால், ஆங்காங்கே கறுப்புத் தகடும் அதன் தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டியும் தென்படும். மக்கள் வழக்கில் அது சோலார் ஹீட்டர். வெயில் இலவசம்தான், தொட்டி இலவசமன்று. உள்ளே துருப்பிடித்து ஒழுகத் தொடங்கிய தொட்டியைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அதனைக் காப்பது எது என்று தேடிச் சென்றால், வரலாறு நம்மை ஒரு பழைய போர்க்கப்பலின் அடிப்பாகத்திற்கு அழைத்துச் செல்கிறது.

மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுக்க, 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்தியது. மேற்கிந்தியக் கடல்களில் உலவித் திரும்பிய கப்பலை 1763-இல் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. அதனைப் பிடித்திருந்த இரும்பாணிகளோ அரித்துப் போயிருந்தன. ஆயினும் சில ஆணிகள் புதியனபோல் இருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள், அவ்விடங்களில் செம்புக்கும் இரும்புக்கும் இடையே கிழியாமல் ஒட்டியிருந்தது! இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்பது கண்கூடாயிற்று. ஏன் என்பதற்கு விடைதான் அன்று இல்லை.

விடையைத் தந்தவர் ஹம்ப்ரி டேவி. 1824-இல், இலண்டன் அரசக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, அவர் அந்தக் கேட்டையே காப்பாக மாற்றினார். எளிதில் அரிபடும் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறிதளவு செம்போடு இணைத்துவிட்டால், அரிப்பு முழுவதும் அச்சிறு துண்டின்மீது செல்லும், செம்பு பிழைக்கும். சோதனைகளில் அவருக்குத் துணைநின்றவர் மைக்கேல் பாரடே. முடிவு விந்தையானது. செம்பு காக்கப்பட்டது; ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் சிப்பிகளையும் பாசியையும் இதுகாறும் விரட்டி வந்தது. செம்பு கரையாததால் அவை அடியில் அப்பிக்கொள்ள, கப்பல்களின் வேகம் குன்றியது. சில ஆண்டுகளிலேயே கடற்படை இம்முறையைக் கைவிட்டது. டேவி ஏளனத்திற்கு ஆளானார், 1829-இல் மறைந்தார். அவர் அறிவியல் தவறவில்லை என்பதைப் பின்வந்த எஃகுக் கப்பல்கள் மெய்ப்பித்தன. கிள்ளான் துறைமுகத்தில் நங்கூரமிடும் கப்பல்கள் பலவற்றின் அடியிலும் இன்று அத்தகைய காப்புக் கட்டிகள் உண்டு.

இது கடல்நீரின் கதை. நீரைச் சூடாக்கினால் இன்னொரு பகையும் சேர்கிறது. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் வெப்பத்தால் சிதைந்து சுண்ணப் படிவாக உலோகத்தின்மீது அமர்கிறது. தமிழகத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் வெந்நீர் போட்ட அண்டாவைக் கண்டவர்களுக்கு அந்த வெண்படலம் தெரியும். அண்டாவில் அது அழுக்கு. நீராவிக் கொதிகலனில் ஆபத்து. படிவு வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாது. உலோகம் மிகையாகச் சூடேறி வலுவிழக்கும்.

இந்தப் போராட்டம் நம் ஊரிலும் நடந்தது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை நீராவி இரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. பின்னர் செந்தூலில் பெரும் இரயில்வே பட்டறை எழுந்தது. நீராவி இயந்திரத்தின் கொதிகலனைக் குறித்த கால இடைவெளிகளில் ஆறவைத்து, அடைப்பான்களைக் கழற்றி, சேற்றையும் படிவையும் தண்டுகளால் சுரண்டி, நீர் பீய்ச்சிக் கழுவவேண்டும். இரயில்வேயின் உழைப்பாளர்களில் தமிழர் பெருந்தொகையினர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளால் வளர்ந்த ஊர். நம் முன்னோர் என்றாலே பால்மரக் காட்டை மட்டும் மாணவர்க்குக் காட்டுகிறோம். இயந்திரம் அறிந்த கைகளும் நம்மிடையே இருந்தன என்பதைப் பாடத்தில் யார் சொல்வது?

வெயிலில் நீர் சூடேற்றும் சாதனத்திற்கு 1891-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் கெம்ப் காப்புரிமை பெற்றார். 1909-இல் வில்லியம் பெய்லி, வெயில் வாங்கும் தகட்டையும் தொட்டியையும் பிரித்தமைத்தார். நாம் இன்று காண்பது அவ்வடிவமே. 1913-இல் கலிபோர்னியாவைத் தாக்கிய கடுங்குளிரில் குழாய்கள் உறைந்து வெடிக்கவே, தகட்டுக்குள் சாராயம் கலந்த நீர் தனிச் சுற்றாக ஓடுமாறு செய்தார். நமக்கு உறைபனி ஏது? எனினும் அத்தனிச் சுற்று பயனுடையது: புதுநீர் ஓயாமல் நுழையாததால் படிவும் உயிர்வளியும் குறுகிய குழாய்களுக்குள் புகுவது குறைகிறது. 1936-இல் அமெரிக்காவில் எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இடும் முறை காப்புரிமை பெற்றது. அப்பூச்சில் ஊசிமுனைத் துளைகள் இருக்கவே செய்யும். அவற்றின் வழியே நீர் எஃகைத் தொடும்போது காப்பதுதான் மெக்னீசியத் தண்டு. அதாவது டேவியின் துத்தநாகத் துண்டு. இதனைத் தியாகத்திற்கு உவமையாக்கும் ஆசை எழலாம். அதைப் பட்டிமன்றத்தார்க்கு விட்டுவிடுவோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீர் பெரும்பாலும் ஆற்றுநீர், மென்மையானது. ஆதலால் நமக்குப் படிவைவிடத் துருவே பெரும்பகை. பத்துமலை போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் கிணற்று நீர் வேறு. செப்புக் குழாய் எஃகுத் தொட்டியைச் சேருமிடத்தில், உலோகங்கள் தொடாதவாறு நெகிழி உறையுள்ள இணைப்பு இருக்கிறதா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். பழுப்புத் தாள் செய்த வேலையை இன்று அதுவே செய்கிறது. தண்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்னீசியம் தேய்ந்து நடுவிலுள்ள எஃகுக் கம்பி வெளியே தெரிந்தால், புதுத்தண்டு மாற்றவேண்டும். அதன் விலை தொட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.