பிரிவும் ரத்தும்: இந்து திருமணச் சட்ட வரலாற்றில் ஒரு சொல்நோக்கு

பெங்களூருவின் தெற்கே, 1970களின் பிற்பகுதியில் கியோனிக்ஸ் என்னும் கர்நாடக அரசு நிறுவனம் உருவாக்கிய எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இத்தகு குடும்பங்களில் இணையர் பிணங்கும்போது பேச்சில் முந்தி எழும் சொல் 'விவாகரத்து' என்பதாகும். வடமொழி 'விவாகம்', அரபு மூலமுடைய 'ரத்து' ஆகியன இணைந்த கலப்புத் தொகை இது. விலகலின் எல்லா நிலைகளையும் பேச்சுவழக்கு இவ்வொரு சொல்லில் அடக்குகிறது. சட்டமோ அவற்றைப் பிரித்தே நோக்குகிறது.

1946ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட காரணங்கள் இருப்பின், மணம் நீடிக்கும் நிலையிலேயே இந்து மனைவி தனித்து வாழ்ந்து வாழ்க்கைப்பொருள் பெறும் உரிமையை வழங்கியது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இருபாலார்க்கும் உரிய 'நீதிமுறைப் பிரிவு' என்பதை வகுத்தது. அச்சட்டத்தின் மூல வடிவில் கொடுமையும் கைவிடுதலும் பிரிவுக்கு மட்டுமே காரணங்கள், மணமுறிவுக்கு அல்ல. பிரிவுத் தீர்ப்புப் பெற்றவர் ஈராண்டுகள் சேர்ந்து வாழாதிருந்த பின்னரே மணமுறிவு கோர இயன்றது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமையை இரு தரப்பினர்க்கும் ஆக்கியது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் காத்திருப்பை ஓராண்டாகக் குறைத்து, இரண்டு தீர்வுகளுக்கும் காரணங்களை ஒன்றாக்கி, பரஸ்பர இசைவு மணமுறிவையும் சேர்த்தது. இதனால், முன்பு கட்டாயப் படிக்கட்டாக நின்ற பிரிவு, விரும்பித் தேரத்தக்க மாற்றுவழி ஆயிற்று.

அகத்திணை மரபில் 'பிரிதல்' என்பது உறவின் முடிவன்று. மீட்சியை நோக்கிய ஒழுக்கம். சட்டப் பிரிவும் அத்தகையதே. சேர்ந்து வாழும் கடமை மட்டுமே நீங்குகிறது; மணம் நிலைக்கிறது. தக்க காரணமிருப்பின் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கலாம். கணவன் இறுதிமுறி எழுதாது இறப்பின் மனைவி வாரிசாகிறாள். பிரிவை 'ரத்து' எனக் கருதி மறுமணம் புரிபவரோ இருதார மணக் குற்றத்துக்கு ஆளாவர். சொல்மயக்கம் வாழ்வைத் தாக்கும் இடம் இதுவே.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் இணக்கம் காண முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. பெங்களூருவில் நீதிமன்றம் சார்ந்த சமரச மையம் 2007இல் தோன்றியது. மணம் நிகழ்ந்த ஊரிலோ, இருவரும் இறுதியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோ மனுச் செய்யலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் மனைவி தாம் வாழும் ஊரிலும் மனுச் செய்யலாம். எனவே, தமிழகத்தில் மணந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழ்வோர்க்கு எங்குச் செல்வது என்பதினும், எதைக் கோருவது என்பதே முதல் வினா. அதற்கு விடை காணப் 'பிரிவு', 'முறிவு' ஆகிய இரு சொற்களும் வழக்கில் வேறுபட்டு நிற்றல் வேண்டும்.