எக்ஸ்எல் வண்டிக்கும் வந்த இன்ஜெக்‌ஷன்

நம் ஊர் டூவீலர்களின் சிறிய எஞ்சின்களில் கார்புரேட்டரை ஓரங்கட்டியது சட்டம்தான். தொழில்நுட்பம் முன்பே கைவசம் இருந்தது. 2006-இலேயே ஹீரோ ஹோண்டா தன் 125 சிசி கிளாமரில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்தி விற்றது. அடுத்த ஆண்டு பஜாஜின் பல்சர் 220-உம் அதனுடன் வந்தது. ஆனால் 2009-இல் அதே பல்சர், விலையைக் குறைத்துக்கொண்டு கார்புரேட்டருக்கே திரும்பிவிட்டது. மைலேஜ் கூடும் என்பதால் நாளடைவில் எல்லாரும் தாமாகவே மாறியிருப்பார்கள் என்று வாதிடுவோர் உண்டு. மைலேஜ் பார்த்தே வண்டி வாங்கும் நாட்டில், 2006 முதல் பதினான்கு ஆண்டுகள் சாதாரண வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரோடுதான் வந்தன என்பதற்கு அந்த வாதத்தில் விடையில்லை.

சட்டம் என்ன கேட்டது என்று பார்த்தால் காரணம் விளங்கும். பாரத் ஸ்டேஜ் 6 (பிஎஸ்6) என்ற புகை விதிப்படி, ஒரு மோட்டார் சைக்கிள் கிலோமீட்டருக்கு 0.06 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு விடக்கூடாது. அதையும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒருசேரக் குறைக்க வேண்டுமானால், எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கலவை பிசகக்கூடாது. கார்புரேட்டரில் உள்ளே பாயும் காற்றே ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. புகையில் என்ன போகிறது என்று அதற்குத் தெரியாது. குளிர்ந்த எஞ்சினுக்கு நாம்தான் சோக் இழுக்க வேண்டும். இன்ஜெக்‌ஷனிலோ புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று எஞ்சினின் கணினியான ஈசியூ முடிவு செய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் முந்தைய விதியான பிஎஸ்4-இன்படி அமைந்த வண்டி விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பால் கேனும் மூட்டையும் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கும் அப்போதுதான் இன்ஜெக்‌ஷன் வந்தது.

இது மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுத்தது என்பது கனமான ஆட்சேபம். ஸ்க்ரூடிரைவரும் காதும் இருந்தால் ஐட்லிங் சரிசெய்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. இப்போது மீட்டரில் எரியும் விளக்குக்குக் காரணம் அறிய ஸ்கேனர் வேண்டும். ஆயினும் குற்றம் இன்ஜெக்டரின் மேல் இல்லை. புகையைக் குறைக்கச் சொன்ன அரசு, பழுதைப் படிக்கும் கருவியும் தகவலும் தெருமுனைக் கடைக்கும் எட்டும்படி செய்திருக்க வேண்டும். மலிவான ஸ்கேனரையும் ஐடிஐ-களில் மாலை நேரப் பயிற்சியையும் இனியாவது அது தரட்டும்.