பூட்டிய வீடுகளும் கதவைத் திறந்தவர்களும்

எம்.ஏ. படித்தபோது வாடகை வீடு தேடி அலைந்த கதை நம்மில் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். என்னிடமும் இருக்கிறது. 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும். வீட்டுக்காரம்மா சிரித்த முகமாகத்தான் பேசும். எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார் என்று கேள்வி நகர்ந்து வரும்போதே நமக்குத் தெரிந்துவிடும். 'நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார் தம்பி.' மூன்று மாதம் கழித்து அதே தெரு வழியாகப் போனேன். பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வீடு காலியாக இருந்ததா என்றால் இருந்தது. எனக்குக் காலியாக இருந்ததா என்றால் இல்லை.

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் (அங்கே கவுன்சில் என்கிறார்கள்) காலி வீடுகளை மறுபடி குடியிருப்புக்குக் கொண்டுவர எடுத்த முயற்சிகளின் வரலாற்றைப் படித்தபோது அந்தப் பலகைதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. இன்று அது ஒரு இலாகா வேலை. தனி அலுவலர், மானியம், கடன், வரி, கடைசியாக உத்தரவு. காகிதத்தில் பார்த்தால் கவுன்சில் தானாகவே யோசித்துக் கருணையோடு செய்த காரியம் மாதிரி இருக்கும். ஆனால் நான் படித்தவரை வரிசை வேறு. முதலில் வீடில்லாதவர்கள் பூட்டை உடைத்தார்கள். அதற்கப்புறம்தான் கவுன்சில் திட்டம் போட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காலி வீடுகளைக் கையகப்படுத்தும் அதிகாரம் கவுன்சில்களிடம் இருந்தது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களை அப்படித்தான் தங்கவைத்தார்கள். போர் முடிந்து 1946 கோடையில், படையினர் விட்டுப்போன முகாம்களுக்குள் குடும்பங்கள் தாங்களாகவே புகுந்தன. ஒன்றிரண்டு பேரல்ல, பல்லாயிரம் பேர். செப்டம்பர் 8 அன்று லண்டன் கென்சிங்டனில் டச்சஸ் ஆஃப் பெட்ஃபோர்டு ஹவுஸ் என்கிற காலி ஆடம்பர அடுக்ககத்துக்குள் கம்யூனிஸ்டுகள் முன்னின்று வீடற்ற குடும்பங்களை அழைத்துப் போனார்கள். அங்கிருந்து அரசு அவர்களை வெளியேற்றிவிட்டது, தலைவர்களைக் கைதும் செய்தது. ஆனால் முகாம்களில் இருந்தவர்களை அசைக்க முடியவில்லை. கவுன்சில்களே முகாம்களைப் பொறுப்பேற்று, வாடகை வாங்கி, நடத்த வேண்டியதாயிற்று.

அடுத்த இருபது வருடத்தில் நடந்ததுதான் வேடிக்கை. வீட்டைக் காலி செய்கிற வேலையில் கவுன்சில்களே இறங்கின. பழைய தெருக்களை மொத்தமாக வாங்கி, இடித்து, புதுசாகக் கட்டுவது என்று திட்டம். குடியிருந்தவர்களை வெளியே அனுப்புவார்கள், ஜன்னலில் தகரம் அடிப்பார்கள். அப்புறம் பணம் வராது, வரைபடம் மாறும், ஆட்சி மாறும். தெரு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். அதே ஊரில் வீடற்ற குடும்பங்கள் விடுதிகளில், கணவன் ஒருபக்கம் மனைவி ஒருபக்கம் கிடப்பார்கள்.

1969 பிப்ரவரியில் லண்டனின் ரெட்பிரிட்ஜ் பகுதியில் இப்படிப்பட்ட வீடுகளுக்குள் குடும்பங்கள் போனபோது கவுன்சில் என்ன செய்தது தெரியுமா? கூலிக்கு அடியாட்களை அனுப்பியது. அதைவிட மோசம், யாரும் குடியேறிவிடக் கூடாது என்பதற்காகத் தன் வீடுகளைத் தானே சிதைத்தது. தரைப்பலகையைப் பெயர்த்தார்கள், குழாயைப் பிடுங்கினார்கள், கழிப்பறைப் பீங்கானை உடைத்தார்கள். மக்கள் காசில் வாங்கிய வீட்டை மக்களுக்குப் பயன்படாமல் ஆக்க மக்கள் காசிலேயே கூலி. நம்ம ஊர்ல பொதுக்கிணற்றில் நம் ஆள் தண்ணி எடுத்துவிட்டால் அதில் மலத்தைக் கொட்டுவார்களே, அந்தப் புத்திக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போனது லூயிஷாம். அந்த கவுன்சில் 1969 டிசம்பரில் குடியேற்றக்காரர்களின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. இடிக்கும் நாள் வரை வீட்டில் இருந்துகொள்ளலாம், தேவைப்படும்போது திருப்பித் தர வேண்டும். 'குறுகிய ஆயுள் வீடு' என்கிற ஏற்பாடு பல கவுன்சில்களுக்குப் பரவியது இதற்குப் பிறகுதான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வெள்ளைக்கார ஏழைகளின் கதை. நான் சொல்ல வந்தது கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பிரிக் லேன் பகுதிக்கு வந்துசேர்ந்த வங்காளிகளின் கதையை.

சில்ஹெட் மாவட்டத்து ஆண்கள் கப்பல் வேலைக்கும், பிறகு துணி தைக்கும் பட்டறைகளுக்கும் வந்தவர்கள். ஒரு அறையில் பலபேர் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். குடியேற்றச் சட்டங்கள் இறுக இறுக, 1971 போருக்குப் பிறகு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அப்போதுதான் வீடு என்கிற கேள்வி வந்தது. தனியார் வாடகைக்குக் கொடுக்க மாட்டான். கவுன்சில் வீடென்றால் காத்திருப்போர் பட்டியல். பட்டியலில் தாண்டி வந்தாலும் கிடைப்பது எது? பெருலண்டன் கவுன்சிலுக்காக (ஜி.எல்.சி.) நடத்தப்பட்டு 1976-இல் வெளிவந்த ஆய்வே, கறுப்பினக் குடும்பங்களுக்குப் பழைய, மட்டமான வீடுகளே அதிகம் ஒதுக்கப்படுவதாகக் காட்டியது. வங்காளிக் குடும்பங்களைச் சுற்றிலும் வெள்ளையர் மட்டுமே இருக்கிற குடியிருப்புகளில் தனித்தனியாகக் கொண்டுபோய் வைத்தார்கள். கல்லெறி, கதவில் எச்சில், தபால் துவாரம் வழியாகச் சாக்கடை. தாங்க முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரிக் லேன் பக்கமே திரும்பி வந்தவர்கள் பலர்.

திரும்பி வந்தவர்கள் கண்ணெதிரே ஜி.எல்.சி.யின் கட்டடங்கள் தகரம் அடித்து நின்றன. இவர்கள் தகரத்தைப் பெயர்த்தார்கள்.

1976-இல் வங்காளி வீட்டுவசதிச் செயல்குழு உருவானது. அதற்குத் துணைநின்றது பிரிக்ஸ்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'ரேஸ் டுடே' பத்திரிகைக் குழு. டார்கஸ் ஹௌ, ஃபாரூக் தோண்டி, மாலா சென். அந்தப் பத்திரிகை நடந்த ரெயில்டன் சாலைக் கட்டடமே பூட்டு உடைத்துக் குடியேறிய இடம்தான். மாலா சென் என்கிற பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1991-இல் பூலான்தேவியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், 'பேண்டிட் குயின்' படத்துக்கு மூலம் தந்தவர். பூலானைத் தேடிச் சம்பல் பக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே அவர் லண்டனில் வீடில்லாத வங்காளிகளுக்காக வீடு வீடாக அலைந்தவர். இதை நம் பத்திரிகைகள் எழுதியதில்லை.

உட்ஸியர் தெருவில் இடிப்பதற்காகக் காலியாக்கி வைத்திருந்த பெல்ஹாம் பில்டிங்ஸ் என்கிற அடுக்ககம் இவர்களின் கோட்டையாயிற்று. பூட்டை மாற்றுவது, உடைத்துப்போட்ட குழாயைப் பொருத்துவது, மின்சாரம் கொண்டுவருவது எல்லாம் அவர்களே. பகலில் ஆண்கள் பட்டறைக்குப் போய்விடுவார்கள். மொழி தெரியாத ஊரில் பிள்ளைகளோடு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது பெண்கள். குடியேறுவது ஒரு ராத்திரி வேலை. குடியிருப்பது தினசரி வேலை. அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் போராட்ட வரலாற்றில் குறைவாகத்தான் வருகின்றன. நம் போராட்டங்களிலும் அதே கதைதானே.

அத்துமீறி நுழைவது அப்போது இங்கிலாந்தில் குற்றமல்ல, உரிமையியல் வழக்கு. ஆள் இருக்கிற வீட்டை வன்முறையாகத் திறக்கக் கூடாது என்பதற்கு 1381-ஆம் ஆண்டுச் சட்டமொன்று துணையிருந்தது. பிரபுக்கள் ஒருவர் நிலத்தை ஒருவர் பறிக்காமலிருக்கப் போட்ட சட்டம், சில்ஹெட் தையல் தொழிலாளிக்குக் கேடயமாயிற்று. நம்ம ஊரில் இதற்கு 'ஆக்கிரமிப்பு' என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள். தனக்கென்று எழுதித்தந்த பஞ்சமி நிலத்தைக் கேட்டாலே அந்த வார்த்தை நம்மீது வந்து விழும். 1994-இல் காரணை நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் துப்பாக்கியும் வந்தது.

1977 அக்டோபரில் ஜி.எல்.சி. இறங்கிவந்தது. தன் வீடுகளில் குடியேறியிருப்பவர்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டால் முறையான வாடகை வீடு தருவதாகப் பொதுமன்னிப்பு அறிவித்தது. அறிவித்தவர்கள் இடதுசாரிகளல்ல. அந்த வருடம் மே மாதம்தான் ஆட்சிக்கு வந்திருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள். யாரும் எடுக்காத வீடுகள் நிறைய, வெளியேற்ற வழக்குகளோ முடிவில்லை. கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். வங்காளி செயல்குழு பதிவு செய்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: எங்களைத் தூக்கித் தூரத்தில் போடக் கூடாது, எந்தெந்தக் குடியிருப்புகளில் எங்களால் பயமில்லாமல் இருக்க முடியும் என்று நாங்களே பட்டியல் தருகிறோம்.

1978 மே 4. உள்ளாட்சித் தேர்தல் நாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அல்தாப் அலி என்கிற இளம் துணித் தொழிலாளி அட்லர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து, மே 14 அன்று, சவப்பெட்டிக்குப் பின்னால் சுமார் 7,000 பேர் பிரதமர் வீடு வரை நடந்தார்கள். அந்தத் தெருவை ஒட்டிய பூங்காவுக்கு 1998-இல் அவர் பெயர் வைத்தார்கள்.

அடுத்த மாதமே ஜி.எல்.சி.யின் 'தீர்வு' செய்தித்தாள்களில் வந்தது: வங்காளிகளுக்கென்று சில கட்டடங்களைத் தனியாக ஒதுக்கிவிடலாம்! அவர்கள்தானே சேர்ந்து இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்?

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் இது நம் கேள்வி. 1942-இல் நாக்பூர் மாநாட்டில் தீண்டப்படாதாருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று கேட்டது அம்பேத்கரின் இயக்கம். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்திலும் தனிக் குடியேற்றத்துக்கு ஓர் ஆணையம் கேட்கிறார். அப்படியானால் சேரியும் தனிக் குடியேற்றம்தானே என்று நம்மிடமே வாதம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். சேரி, அவன் நம்மை வைத்த இடம். அம்பேத்கர் கேட்டது நிலத்தோடு, அடிமைப்பட்ட ஊரைவிட்டு வெளியேறும் உரிமையோடு. பிரிக் லேன்காரர்கள் கேட்டதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. கல்லெறி விழாத தெருவை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம் என்றார்கள். ஜி.எல்.சி. காதில் அது 'இவங்களுக்கு ஒரு காலனி கட்டிக் குடுத்துடலாம்' என்று விழுந்தது. கல்லெறிகிறவனைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரி இல்லை. எதிர்ப்பு நாலாபக்கமும் கிளம்பி, திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் குடும்பங்களில் பெரும்பாலானவை தாங்கள் கேட்ட பகுதியிலேயே வீடு வாங்கின. இன்று கிழக்கு லண்டனில் வங்காளிகள் வேர்விட்டு நிற்கிறார்கள் என்றால் அதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

அத்தோடு முடியவில்லை. 1980-களின் நடுவில் டவர் ஹாம்லட்ஸ் கவுன்சில் ஒரு புது வாதத்தைக் கண்டுபிடித்தது. உங்களுக்குத்தான் பங்களாதேஷில் வீடு இருக்கிறதே, அதை விட்டுவிட்டு வந்ததால் நீங்கள் 'வேண்டுமென்றே வீடற்றவர்கள்', உங்களுக்கு வீடு தரும் கடமை எங்களுக்கில்லை. வழக்கு 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அதே வருடம் இன சமத்துவ ஆணையத்தின் விசாரணை அறிக்கை, வீடற்ற வங்காளிகளிடம் அந்த கவுன்சில் பாகுபாடு காட்டியதாக முடிவு சொன்னது.

இப்போதைய சட்டங்களைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், தனியாரின் காலி வீட்டைக் கவுன்சிலே எடுத்து வாடகைக்கு விடும் அதிகாரத்தைத் தந்தது. 2006-இல் அது நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதம் காலியாக இருந்தால் போதும் என்றிருந்ததை 2012-இல் இரண்டு வருடமாக்கினார்கள். அதைப் பயன்படுத்திய கவுன்சில்களும் சொற்பம். முன்பு காலி வீட்டுக்கு வரிச்சலுகை இருந்தது. 2013 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடம் காலியாகக் கிடந்தால் 50 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம் என்று மாற்றினார்கள். 2019-இல் அது 100 சதவீதம். பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக்கிடந்தால் 2021-இலிருந்து 300 சதவீதம் வரை. 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் காலியாக இருந்தாலே போதும். இத்தனைக்குப் பிறகும், 2023 அக்டோபர் கணக்குப்படி, ஆறு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடந்த வீடுகள் இங்கிலாந்தில் மட்டும் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல்.

வீட்டைப் பூட்டிவைத்தவனுக்கு இந்த வரி வருவதற்கு ஏழு மாதம் முன்பு, 2012 செப்டம்பர் 1 அன்று, இன்னொரு சட்டம் அமலுக்கு வந்தது. காலி வீட்டுக்குள் போய்க் குடியிருப்பது அன்றிலிருந்து குற்றம், ஆறு மாதம் வரை சிறை. அந்த மாதமே லண்டனில் முதல் ஆளைச் சிறைக்கு அனுப்பினார்கள். வேலை தேடி நகரத்துக்கு வந்திருந்த இளைஞர். அவர் இருந்தது தனியார் மாளிகை அல்ல, வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் காலி வீடு. அவருக்கு 12 வாரம்.